பட்டியலும் எண்ணும்: அமெரிக்கப் பயணத் தடை விவாதம் பற்றி

2017 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. பென்டகன் கட்டடத்தில் வைத்து அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் 13769 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டவர் 90 நாட்களுக்கு அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்றது ஆணை. மை காய்வதற்குள் அது அமலுக்கும் வந்துவிட்டதால், விமானம் ஏறும்போது செல்லுபடியாகும் விசா வைத்திருந்தவர்கள் இறங்கும்போது விசா இல்லாதவர்களாக இறங்கினார்கள். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டவர்களில் ஒருவர், ஈராக்கில் அமெரிக்கப் படைக்குப் பத்தாண்டுக் காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மறுநாள் மதியம்தான் அவரை வெளியே விட்டார்கள். அதற்குள் வாசலில் பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. வருகைக் கூடத்தின் தரையில் உட்கார்ந்து வழக்கறிஞர்கள் மடிக்கணினியில் மனு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். விமான நிலையங்களில் சிக்கியிருப்பவர்களைத் திருப்பியனுப்பக் கூடாதென்று புரூக்ளின் நீதிபதி ஆன் டோனலி சனிக்கிழமை இரவே உத்தரவிட்டார்.

இதை உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதே ஆணையில் இன்னொரு பிரிவும் இருந்தது. அகதிகள் திட்டம் 120 நாட்கள் நிறுத்தப்படுகிறது. சிரிய அகதிகளுக்குக் காலவரையின்றி நிறுத்தம். அந்த நிதியாண்டில் 1,10,000 பேரை ஏற்பதென ஒபாமா அரசு வைத்திருந்த உச்சவரம்பு 50,000 ஆகிறது. விமான நிலையப் பதாகைகளில் நாடுகளின் பெயர்கள் இருந்தன, 'அகதிகளே வருக' என்றும் இருந்தது. 50,000 என்ற எண் எதிலாவது இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நாளிலிருந்து நடந்துவரும் விவாதத்தைத் திரும்பப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: சண்டையெல்லாம் பட்டியலைச் சுற்றி நடந்தது, வேலையைச் செய்து முடித்தது எண். கல்யாணப் பந்தியில் ஒருவரைக் கையைப் பிடித்து எழுப்பினால் ஊரே திரும்பிப் பார்க்கும். 'இலை தீர்ந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்' என்று வாசலிலேயே நிறுத்திவைத்தால் யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் வரலாற்றில் இந்த இரண்டு வழிகளும் உண்டு. இரண்டாவது வழி பெரும்பாலும் முதலாவதைவிட அதிகம் பேரை வெளியே நிறுத்தியிருக்கிறது.

முதல் வழி பழையது, முரட்டுத்தனமானது. 1882இல் சீனத் தொழிலாளர்களைப் பெயர் சொல்லித் தடுத்தது அமெரிக்க நாடாளுமன்றம். 1889இல் அதை எதிர்த்து வந்த வழக்கில், அந்நியரை விலக்குவது அரசின் இறையாண்மையோடு பிறந்த அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை ஒவ்வொரு தடை வழக்கிலும் அந்தத் தீர்ப்பின் நிழல் விழுகிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விசித்திரமானது. அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் ஆசியாவின் மேல் கோடு கிழித்து, உள்ளே விழுந்த நிலப்பரப்பிலிருந்து யாரும் குடியேற வரக் கூடாது என்றது. இந்தியா முழுவதும் அந்தக் கோட்டுக்குள் இருந்தது. இன்று கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1946இல் அந்தத் தடையைத் தளர்த்தியபோது இந்தியாவுக்குக் கொடுத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். தடை போய் எண் வந்தது. வாசல் திறந்துவிட்டது என்று அதற்குப் பெயர்.

எண்ணின் ஆற்றலை 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுதாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கிய சட்டம் அது. யூதர் வரக் கூடாதென்று அதில் ஒரு வரிகூட இல்லை. 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு புறப்பட்டது. பெரும்பாலோர் ஹிட்லரிடமிருந்து தப்பியோடிய யூதர்கள். கியூபாவில் வெகு சிலரே இறங்க முடிந்தது. கப்பல் புளோரிடாக் கரைக்கு வந்தது. மயாமி நகர விளக்குகளைப் பயணிகள் கப்பலிலிருந்தே பார்த்தார்கள். ஜெர்மனிக்கான ஆண்டு ஒதுக்கீடு 27,370. அது நிரம்பிவிட்டது, வரிசையில் நின்று முறை வரும்போது வாருங்கள் என்பதுதான் வாஷிங்டனின் பதில். சட்டப்படி அந்தப் பதிலில் குற்றம் காண முடியாது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள். டிரம்ப் கையெழுத்திட்ட ஜனவரி 27, அந்த இன அழிப்பை உலகம் நினைவுகூரும் நாள். பலரும் இந்தத் தற்செயலைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் செயின்ட் லூயிஸைத் திருப்பியது பயணத் தடை அன்று, ஒதுக்கீடு என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

பெயர் சொல்லாமல் தடுக்கும் கலையில் கனடா இன்னும் தேர்ந்தது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேரே வந்தால்தான் இறங்கலாம் என்று 1908இல் விதி போட்டது. இந்தியாவின் பெயரே விதியில் இல்லை. இந்தியாவிலிருந்து நேரே வரும் கப்பல் சேவையும் இல்லை. 1914இல் கோமகாட்டா மாரு 376 பேரோடு வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்று திரும்பியது அந்த விதியால்தான். கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் கரை சேர்ந்தபோது போலீஸ் சுட்டுச் சுமார் 20 பேர் இறந்தார்கள். கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ட்ரூடோ அதற்காக மன்னிப்புக் கேட்டது 2016இல்.

இனி இன்றைய சட்டம். 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 212 (எஃப்) என்றொரு பிரிவு. அந்நியர் எவருடைய நுழைவும், அல்லது எந்த வகை அந்நியரின் நுழைவும் நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கண்டால், தேவையென்று தாம் நினைக்கும் காலம்வரை நிறுத்திவைக்கலாம் என்கிறது அது. 'கண்டால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு முழுவதும் தொங்குகிறது. கண்டதாகச் சொன்னால் போதுமா, எதைக் கண்டார் என்று காட்ட வேண்டுமா? ரீகன் காலத்தில் ஹெய்ட்டிப் படகுகளை நடுக்கடலிலேயே மறிப்பதற்கு இந்தப் பிரிவுதான் பயன்பட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அப்படி மறித்துத் திருப்பியனுப்புவதை 8க்கு 1 என்ற கணக்கில் ஏற்றது. அப்போது ஆட்சியில் இருந்தவர் கிளின்டன். தேர்தலுக்கு முன் அந்தக் கொள்கையைக் கண்டித்தவர், பதவிக்கு வந்ததும் அதைத் தொடர்ந்தார். ஆகவே இது ஒரு கட்சியின் நோய் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2017 பட்டியலின் ஏழு நாடுகளும்கூட ஒபாமா காலத்தில் விசா விலக்குச் சலுகையை இறுக்குவதற்காக ஏற்கெனவே குறிக்கப்பட்டவை. தடையின் ஆதரவாளர்கள் இதை ஓயாமல் சொன்னார்கள், சொன்னது உண்மை. விசா கட்டாயம் என்பதற்கும் விசாவே கிடையாது என்பதற்கும் உள்ள தூரத்தை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

அகதிகளுக்கான சட்டம் தனி. 1980இல் கார்ட்டர் கையெழுத்திட்ட அகதிகள் சட்டப்படி, ஒவ்வொரு நிதியாண்டும் தொடங்குமுன் நாடாளுமன்றத்துடன் கலந்தாலோசித்து அதிபர் ஓர் எண்ணை நிர்ணயிக்க வேண்டும். கலந்தாலோசிக்க வேண்டும், அவ்வளவுதான். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. இந்தோசீனாவிலிருந்து மக்கள் படகுபடகாக வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. எண் மேலே போவதற்காகத்தான் அதிபரிடம் அவ்வளவு தளர்வாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு 2,07,116 அகதிகள் அமெரிக்கா வந்துசேர்ந்தார்கள். எண் கீழேயும் போகலாம் என்பது அப்போது யாருக்கும் பெரிய கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

பட்டியலின் கதைக்கு வருவோம். முதல் ஆணையைச் சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட் பிப்ரவரி 3 அன்று நாடு முழுவதற்கும் நிறுத்திவைத்தார். ஆணையை நீதிமன்றத்தில் ஆதரித்து வாதிட வேண்டாமென்று துறையினருக்குச் சொன்ன பொறுப்பு அட்டர்னி ஜெனரல் சாலி யேட்ஸ் அதற்கு முன்பே பதவி நீக்கப்பட்டிருந்தார். மார்ச் 6 அன்று இரண்டாவது ஆணை. ஈராக் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஹவாய் நீதிபதி டெரிக் வாட்சன் அதை அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள் நிறுத்தினார். ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றைச் சொன்னது: அமெரிக்காவில் இருப்பவரோடு மெய்யான உறவு உள்ளவர்களுக்குத் தடை பொருந்தாது, மற்றவர்களுக்குப் பொருந்தும்.

மெய்யான உறவு என்றால் யார் யார்? இந்த விவாதத்திலேயே நான் மிகவும் ஆர்வத்தோடு படித்த பகுதி இதுதான். அரசு ஒரு பட்டியல் போட்டது. தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தார், மாமனார், மாமியார், மருமகன், மருமகள் எல்லாரும் உறவு. தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி, சித்தப்பா, அத்தை உறவில்லை. மாமியார் மெய்யான உறவு, பாட்டி மெய்யான உறவில்லை என்று ஒரு வல்லரசு எழுத்தில் கொடுத்தது. நம்மூர்க் கிழவிகள் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். வாட்சன் முன் வழக்கு திரும்ப வந்தது. பாட்டியைவிட நெருங்கிய உறவு யார் இருக்க முடியும் என்ற பொருள்பட எழுதி, அவர் தாத்தா பாட்டியைச் சேர்த்துக்கொண்டார். உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. ஆனால் அதே வாட்சன் தீர்ப்பின் மறுபாதி, மீள்குடியமர்த்தும் அமைப்பு ஒன்று ஏற்றுக்கொள்வதாக உறுதியளித்த அகதிக்கு அதுவே உறவு என்றது. உச்ச நீதிமன்றம் அந்தப் பாதியை நிறுத்திவைத்தது. அப்படி உறுதி பெற்றிருந்தவர்கள் ஏறக்குறைய 24,000 பேர். பாட்டி கதை எல்லாச் செய்தித்தாளிலும் தலைப்பானது. 24,000 பேர் உள்பக்கத்துக்குப் போனார்கள்.

செப்டம்பரில் மூன்றாவது வடிவம், இம்முறை ஒரு பிரகடனமாக. இப்போது வடகொரியாவும் வெனிசுலாவின் சில அதிகாரிகளும் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் பயங்கரவாதத்துக்கு எதிரான போரில் அமெரிக்காவின் கூட்டாளியான சாட் நாடும் சேர்ந்தது. அதன் அதிகாரிகளால் மாதிரிக் கடவுச்சீட்டு ஒன்றை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை, கடவுச்சீட்டு அச்சிடும் தாள் தீர்ந்துபோயிருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அடுத்த ஏப்ரலில் சாட் நீக்கப்பட்டது. தகவல் பகிர்வை மேம்படுத்த நாடுகளை நெருக்கும் கருவி இது, அதற்குப் பலனும் உண்டு என்று வாதிடுவோருக்கு ஈராக்கும் சாடும் நல்ல உதாரணங்கள். அந்த வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அமெரிக்காவோடு தூதரக உறவே இல்லாத ஈரானை இப்படி நெருக்கி என்ன வாங்க முடியும்? தெஹ்ரான் அரசு அடையாளத் தகவல் தர மறுத்தால், அந்த அரசின் பிடியிலிருந்து விலகிப் போக நினைக்கும் பெண்ணுக்குத்தான் விசா மறுக்கப்படுகிறது.

2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மூன்றாவது வடிவத்தை ஏற்றது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: சட்டப் பிரிவு அதிபருக்குப் பரந்த அதிகாரம் தருகிறது, பிரகடனத்தின் வாசகத்தில் மதம் இல்லை, உலக முஸ்லிம்களில் 8 சதவீதம் பேரையே அது தொடுகிறது, பாதுகாப்புக் காரணம் ஒன்று நியாயமாகத் தென்பட்டால் நீதிமன்றம் அதற்கு மேல் தோண்டாது. 2015 டிசம்பரில் வேட்பாளராக இருந்தபோது முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதை முழுவதுமாக நிறுத்த வேண்டுமென்று டிரம்ப் வெளியிட்ட அறிக்கை? அதைத் தீர்ப்பு பதிவுசெய்துவிட்டுக் கடந்துபோனது. பிறப்பிடம் பார்த்து விசாவில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1965ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு? விசா கொடுப்பது வேறு, உள்ளே விடுவது வேறு என்றது பெரும்பான்மை. உள்ளே விடாத விசாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சாதாரண மனிதன் கேட்பான். சட்டத்துக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சோனியா சோட்டோமயோர் மாறுபட்ட தீர்ப்பில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததை ஆதரித்த கொரமாட்சு தீர்ப்போடு இதை ஒப்பிட்டார். ராபர்ட்ஸ் அந்தத் தீர்ப்பு பிறந்த நாளிலேயே தவறு என்று எழுதிவிட்டு, இந்த வழக்கு வேறு என்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது நீதிபதி ஸ்டீபன் பிரேயரின் மாறுபட்ட தீர்ப்பு. அதில் கோபம் குறைவு, கணக்கு அதிகம். பிரகடனத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றன, சிகிச்சைக்கு வரும் குழந்தை, குடும்பத்தோடு சேர வரும் மனைவி போன்றவர்களுக்கு விலக்குத் தருவோம் என்று அரசு சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சரி, எத்தனை பேருக்குத் தந்தீர்கள்? முதல் மாதத்தில் தகுதியுள்ள 6,555 விண்ணப்பதாரர்களில் 2 பேருக்கு. பிறகு அரசு திருத்திச் சொன்ன கணக்கில் நான்கு மாதத்தில் 430. சொல்லில் இருக்கும் வாசல் நடப்பில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த ஒரே தீர்ப்பு அது. மதக் காழ்ப்பு இருந்ததா இல்லையா என்ற மனோதத்துவத்தைவிட இதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பேன்.

தடையை ஆதரிப்பவர்களின் வாதத்தை அதன் வலுவான வடிவில் பார்ப்பது நேர்மை. உள்நாட்டுப் போரில் சிதைந்த சிரியாவிலும் ஏமனிலும் சோமாலியாவிலும் ஒருவர் சொல்லும் பெயரும் ஊரும் உண்மையா என்று விசாரிக்க அலுவலகமோ பதிவேடோ இல்லை. 2011இல் கென்டக்கி மாநிலம் பவுலிங் கிரீனில் கைதான இரண்டு ஈராக்கியர் அகதிகளாக வந்தவர்கள். ஒருவருடைய கைரேகை ஈராக்கில் அமெரிக்கப் படை கைப்பற்றிய வெடிகுண்டுப் பாகத்தில் இருந்ததைப் பின்னால்தான் கண்டார்கள். 2016இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 11 பேரைக் காயப்படுத்தியவர் சோமாலிய அகதி. இவை கட்டுக்கதைகள் இல்லை. ஓர் அரசு தன் வாசலில் யார் என்று கேட்பதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் நாட்டைப் பார்த்து ஆபத்தை அளக்க முடியுமா? 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் 15 பேர் சவுதியர். மற்றவர்கள் அமீரகம், எகிப்து, லெபனானைச் சேர்ந்தவர்கள். இந்த நான்கு நாடுகளும் 2017 பட்டியல் எதிலும் இல்லை. முஸ்லிம் தடை அறிக்கைக்குக் காரணமான சான் பெர்னார்டினோ கொலையாளிகளில் ஒருவர் அமெரிக்காவில் பிறந்தவர், மற்றவர் பாகிஸ்தானி. கேட்டோ ஆய்வு நிறுவனம் இடதுசாரிகளின் கூடாரம் இல்லை, சுதந்திரச் சந்தையை வலியுறுத்தும் அமைப்பு. அதன் கணக்குப்படி 1975 முதல் 2015 வரை, ஆணை குறிப்பிட்ட ஏழு நாட்டவர் நடத்திய பயங்கரவாதத் தாக்குதலில் அமெரிக்க மண்ணில் இறந்தவர் ஒருவரும் இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே 2017 பிப்ரவரியில் தயாரித்த வரைவு அறிக்கை ஒன்று, குடியுரிமை நாடு பயங்கரவாதத்துக்கு நம்பகமான அடையாளமாக இருக்க வாய்ப்பில்லை என்று முடித்தது. அது ஊடகங்களுக்குக் கசிந்தது, கொள்கை மாறவில்லை.

இதில் அகதிகளின் நிலை இன்னும் விந்தை. அமெரிக்காவுக்குள் வரும் வழிகளிலேயே மிக நீண்ட சோதனை அவர்களுக்குத்தான். முதலில் ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிவுசெய்து பரிந்துரைக்க வேண்டும். உலக அகதிகளில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே எந்த நாட்டிலாவது மீள்குடியமர்கிறார்கள். பிறகு கோப்பு, கைரேகை, பல உளவு அமைப்புகளின் பெயர்ச் சோதனை, அமெரிக்க அதிகாரி நேரில் வந்து நடத்தும் நேர்காணல், மருத்துவச் சோதனை. ஒன்றரை, இரண்டு வருடம் போய்விடும். மருத்துவச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். கைரேகைச் சோதனைக்கும் காலக்கெடு உண்டு. ஒன்று தாமதமானால் இன்னொன்று காலாவதியாகும். அதை மறுபடி எடுப்பதற்குள் வேறொன்று போகும். எல்லாம் கூடிவந்தால் விமான டிக்கெட். அதுவும் இனாம் இல்லை, வட்டியில்லாக் கடன். போய்ச் சேர்ந்து வேலை தேடி அடைக்க வேண்டும். 120 நாள் நிறுத்தம் என்று காகிதத்தில் எழுதியது இந்தச் சங்கிலியில் போய் என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எண் இறங்கியது. 2018க்கு 45,000, 2019க்கு 30,000, 2020க்கு 18,000, 2021க்கு 15,000. வந்துசேர்ந்தவர்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே: 2016இல் 84,994 பேர் வந்த இடத்தில் 2018இல் 22,491, 2020இல் 11,814. எந்த நீதிமன்றமும் இந்த எண்ணை மாற்றச் சொல்லவில்லை. எண்ணில் மதம் இல்லை, நாடு இல்லை, வேட்பாளரின் பேச்சு இல்லை. வழக்கறிஞர் கைவைக்க ஒரு பிடி கிடைக்காது. அகதிகளைக் குடியமர்த்தும் அமைப்புகளுக்கு வரும் ஆளின் தலைக்கு இவ்வளவு என்றுதான் அரசுப் பணம். ஆள் வராவிட்டால் பணம் வராது. ஊர் ஊராக அலுவலகங்கள் மூடப்பட்டன. பள்ளியில் சேர்த்துவிடவும் வாடகை வீடு பிடித்துத் தரவும் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2005 முதல் 2014 வரை அகதிகள் அரசுக் கணக்கில் செலவைவிட 6,300 கோடி டாலர் அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சுகாதாரத் துறை வரைவு ஒன்று சொன்னது; அதை வெள்ளை மாளிகை ஒதுக்கியது.

எண்ணின் வேலை என்ன என்பது பைடன் வந்த பிறகு தெரிந்தது. 2021 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே பயணத் தடையை ஒரு கையெழுத்தில் ரத்துசெய்தார். பட்டியல் போய்விட்டது. அகதி எண்ணை மட்டும் ஏப்ரலில் 15,000 என்றே வைத்துக்கொள்வதாக அறிவித்தார். சொந்தக் கட்சியினரே கொதித்தெழுந்ததும் மே 3 அன்று 62,500 ஆக உயர்த்தினார். எண் ஒன்றுக்காகப் பெரும் சத்தம் எழுந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். உயர்த்தியும் என்ன? அந்த நிதியாண்டில் வந்துசேர்ந்தவர்கள் 11,411 பேர், அகதிகள் சட்டம் வந்தபின் அதுவரை இல்லாத குறைவு. அடுத்த ஆண்டு உச்சவரம்பு 1,25,000, வந்தவர்கள் 25,465. காகிதத்தில் ஏறிய எண்ணுக்குப் பின்னால் ஆளும் அலுவலகமும் இல்லை. ஒரு லட்சத்தைத் திரும்பத் தொட 2024 ஆயிற்று. தடையை நீக்க ஒரு நாள், எண்ணை நிரப்ப நான்கு வருடம்.

தமிழர்கள் இந்தச் சட்டங்களுக்கு வெளியே நிற்கவில்லை. 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டிய சுமார் 25 கஜ தூரத்திலேயே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. தன்னைச் சிலர் கடத்திக் கடுமையாக அடித்தார்கள், அவர்கள் யாரென்று தெரியாது என்று அவர் புகலிட அதிகாரியிடம் சொல்லியிருந்தார். யாரென்று தெரியாததால் அரசியல் காரணமும் நிரூபணமாகவில்லை என்று கோரிக்கை தள்ளப்பட்டது. 'யாரென்று தெரியாத ஆட்கள்' கடத்தினார்கள் என்றால் என்ன பொருள் என்று யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 2020 ஜூன் 25 அன்று 7க்கு 2 என்ற கணக்கில், அந்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க அவருக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அவருடைய நாடு எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை.

முதல் ஆணை, துன்புறுத்தப்படும் மதச் சிறுபான்மையினருக்கு முன்னுரிமை என்றும் சொன்னது. சிரியக் கிறிஸ்தவர்களுக்கு உதவப்போவதாக டிரம்ப் அன்றே பேட்டியளித்தார். மதம் பார்த்து அகதியைத் தேர்வதை அமெரிக்காவில் கண்டித்து நாம் எழுதியபோது, அது மூன்றே வருடத்துக்குள் நம் வீட்டுக்கு வருமென்று நினைக்கவில்லை. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லி எழுதியது. அந்த மூன்று நாடுகளுக்கும் அரச மதம் உண்டு என்பது சொல்லப்பட்ட காரணம். பௌத்தத்துக்கு முதன்மையிடம் தரும் அரசியலமைப்பைக் கொண்ட இலங்கை அதில் இல்லை. 1983 முதல் தமிழக முகாம்களில் பிறந்து வளர்ந்து பேரப்பிள்ளை கண்டவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தால் யாருக்கும் குடியுரிமை கிடைக்கவில்லை.

2025இல் எல்லாம் திரும்பி வந்தது, இந்த முறை அனுபவத்தோடு. அகதிகள் திட்டத்தை நிறுத்தும் ஆணை டிரம்ப் மீண்டும் பதவியேற்ற அன்றே வந்தது. அது அமலுக்கு வந்த தேதி ஜனவரி 27, முதல் ஆணையின் எட்டாம் ஆண்டு நிறைவு. ஜூன் 4 அன்று அறிவித்த புதிய பயணத் தடையில் ஆப்கானிஸ்தான், மியான்மர், ஹெய்ட்டி, ஈரான் உட்பட 12 நாடுகளுக்கு முழுத் தடை, 7 நாடுகளுக்குப் பகுதித் தடை. ஐந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள், வழங்கிய விசாக்களை ரத்துசெய்யவில்லை. விமான நிலையத்தில் யாரும் சிக்கவில்லை, கூட்டமும் கூடவில்லை. 2017இல் நீதிமன்றங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை அரசு நன்றாகப் படித்திருந்தது. மதத்தின் இடத்தில் இப்போது சதவீதம். விசாக் காலம் தாண்டித் தங்குவோர் விகிதம் அதிகம் என்று சாட் மீண்டும் பட்டியலில் சேர்ந்தது. பிரகடனம் தரும் விகிதம் 49.54. கேட்டால் பாதி நாடே ஓடிவந்து ஒளிந்துகொண்டதாகத் தோன்றும். அந்த விகிதத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் 377 பேர். உரை நிகழ்த்தி அறிவித்தபோது டிரம்ப் எடுத்துக்காட்டிய போல்டர் நகரத் தாக்குதலை நடத்தியவர் எகிப்தியர். எகிப்து இந்தப் பட்டியலிலும் இல்லை.

நவம்பர் 26 அன்று வாஷிங்டனில் ஓர் ஆப்கானியர் தேசியக் காவல் படையினர் இருவரைச் சுட்டார், ஒருவர் இறந்தார். 2021இல் காபூல் வீழ்ந்தபின் அமெரிக்கா தானே அழைத்துவந்தவர்களில் ஒருவர் அவர். இது தடையின் ஆதரவாளர்களுக்குக் கிடைத்த மிக வலுவான சான்று, அதை மழுப்பக் கூடாது. ஒருவர் செய்ததற்கு ஆப்கானியர் அனைவரின் கோப்புகளும் உடனே நிறுத்தப்பட்டன, டிசம்பரில் பட்டியல் முப்பது நாடுகளையும் தாண்டியது. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்த்தவர்களும் அந்தக் கோப்புகளில் இருந்தார்கள். விமான நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட அந்த ஈராக்கியருக்காக 2017இல் கூடிய கூட்டம் இவர்களுக்காகக் கூடவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே, மூடிய அகதித் திட்டத்தில் ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. 2025 மே 12 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து 59 வெள்ளை ஆப்ரிகானர்கள் தனி விமானத்தில் அகதிகளாக வந்து இறங்கினார்கள். இரண்டு வருடச் சோதனைச் சங்கிலி அவர்கள் விஷயத்தில் சில மாதங்களுக்குள் முடிந்தது. அக்டோபர் இறுதியில் 2026 நிதியாண்டுக்கான எண் வெளியானது. அதில் பெரும்பங்கு ஆப்ரிகானர்களுக்கு. 1980இல் புதிய சட்டம் வந்த ஆண்டின் உச்சவரம்பு 2,31,700. 2026 நிதியாண்டுக்கு அறிவித்தது 7,500.